கையெழுத்துக்கு வந்த மழை

வானிலையியல் படிக்கப் போகிறேன் என்று பூங்கோதை சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு அது என்ன படிப்பென்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவளுடைய அப்பா மாணிக்கவாசகம் வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் தனியார் பேருந்தில் கண்டக்டர். டிவியில் வந்து மழை வரும் வராது என்று சொல்வார்களே, அதுவா என்று கேட்டார். அதுதான் என்றாள். அவள் எட்டாவது படிக்கும்போது ஊரைப் புரட்டிப்போட்ட புயலுக்கு முதல் நாள், டிவியில் வரைபடத்துக்கு முன்னால் நின்று ஒரு பெண் அதிகாரி துளியும் பதறாமல் பேசினார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா எல்லோரையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். அவர்கள் பிழைத்தார்கள், வீடு பிழைக்கவில்லை. அன்று முதல் அந்த அதிகாரி நின்ற இடத்தில் தான் நிற்பதாகவே பூங்கோதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அந்த இடமே இல்லாமல் போயிற்று. மாரி வந்துவிட்டது.

மாரி ஓர் இயந்திரம். இயந்திரம் என்றாலும் அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை; எங்கோ குளிரூட்டிய கட்டடங்களில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு அது. செயற்கைக்கோளிலிருந்து செல்போன் டவர் வரை எல்லாவற்றிலிருந்தும் காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் அள்ளி எடுத்து, எந்தத் தெருவில் எப்போது தூறும் என்று சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. எப்படிச் சொல்கிறது என்பது மட்டும் அதைக் கட்டியவர்களுக்கே விளங்கவில்லை. பழைய அதிகாரிகள் ஒவ்வொருவராக ஓய்வு பெற, அவர்களுடைய நாற்காலிகளும் கூடவே போயின. கல்லூரியில் துறையை மூடிவிடலாம் என்றே பேச்சிருந்தது.

படிப்பைக் காப்பாற்றியது ஒரு விபத்து. தெளிந்த வானம் என்று மாரி சொன்ன நாளில் சூறைக்காற்று அடித்துச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. வழக்கு நடந்தது. யாரைக் கூண்டில் ஏற்றுவது என்று நீதிமன்றம் கேட்டதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அதன் பிறகு சட்டம் வந்தது. மாரி தரும் ஒவ்வோர் அறிக்கையின் கீழும் இனி ஒரு மனிதர் கையெழுத்திட வேண்டும். அவர் வானிலையியல் படித்திருக்க வேண்டும். அறிக்கை பொய்த்து உயிர் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. அந்தப் பதவிக்குப் பொறுப்பு அலுவலர் என்று பெயர் வைத்தார்கள்.

பூங்கோதையின் வகுப்பில் மொத்தமே ஒரு வேனில் அடங்கும் கூட்டம்தான். முதல் வருடத்தில் ஆளுக்கொரு ஆசை இருந்தது. முகுந்தனுக்கு விமான நிலையம். ஷர்மிளாவுக்குத் தென் துருவத்தில் பனி தோண்டி ஆராய்ச்சி செய்ய வேண்டும். மணப்பாட்டிலிருந்து வந்த அருளப்பனுக்கு, கடலில் இருப்பவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே ரேடியோவில் காற்று நிலவரம் சொல்ல வேண்டும். அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடித்தே காட்டுவான். கடைசி வருடம் வருவதற்குள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. பொறுப்பு அலுவலர் பதவி; வேறு வேலை இல்லை. துறைத்தலைவி ஃபாத்திமா மேடம் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, நாங்க படிச்சது மழையைச் சொல்றதுக்கு, நீங்க படிக்கிறது மழைக்குப் பதில் சொல்றதுக்கு என்றார்.

கிழக்குக் கரைக் கணிப்பு மையத்திலிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள் மேகத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கணினி அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். திரையில் ஒவ்வொன்றாக அறிக்கை வரும். ஒப்புக்கொண்டால் பச்சைப் பொத்தான், ஆட்சேபம் இருந்தால் மஞ்சள். மஞ்சளை அமுக்கினால் காரணம் எழுத வேண்டும்.

பூங்கோதை ஓர் அறிக்கையில் மாட்டிக்கொண்டாள். மேற்கிலிருந்து பலமாகக் காற்று வீசும் நாளில் மலையின் கிழக்குச் சரிவில் கனமழை என்று அதில் இருந்தது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் ஏது? திரும்பத் திரும்பப் படித்தாள். மஞ்சளை அமுக்கி, தனக்குத் தெரிந்த நியாயத்தை எழுதினாள். நேரம் முடிந்தபோது அவளுக்குப் பாதி அறிக்கை பாக்கி. அருளப்பன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்த மலை அறிக்கையைக் கவனித்தாயா என்று கேட்டதற்கு, கவனித்தேன், பரீட்சைதானே என்று விட்டுவிட்டேன் என்றான். அவன் சுபாவமே அப்படி. எதிலும் யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டான். விடுதியில் உப்பில்லாத சாம்பாரைக்கூட நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுவான்.

அவனுக்கு வேலை கிடைத்தது. அவளைக் காத்திருப்பு வரிசையில் வைத்தார்கள். முகுந்தன் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போனான். ஷர்மிளா கல்யாணமாகி சார்ஜாவுக்குப் போனாள். பூங்கோதை ஊருக்குத் திரும்பி ஒரு மெட்ரிக் பள்ளியில் அறிவியல் நடத்தினாள்.

அருளப்பன் விடுமுறை நாட்களில் போன் செய்வான். சென்னையில் கடலைப் பார்த்த மாதிரி மையம், ஏசி, நல்ல கேண்டீன், அம்மாவை வந்து இருக்கச் சொல்லியிருக்கிறேன் என்பான். அவன் அம்மா லூர்தம்மாள் ஒரு கான்வென்டில் ஆயா வேலை பார்த்தாள். வேலை எப்படியென்று கேட்டால், வேலை எங்கே இருக்கிறது, வந்தால் படிக்க வேண்டும், அமுக்க வேண்டும் என்று சிரிப்பான். அந்த வருடம் மையத்திலேயே தாமதமில்லாத அலுவலர் என்று அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்தபடி எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். அவள் அதை அப்பாவிடம் காட்டினாள். உனக்கும் வரும்மா என்றார் அவர்.

வடகிழக்குப் பருவம் பிறந்த கொஞ்ச நாளில் அது நடந்தது. நல்லூரணி என்ற மலையடிவாரச் சிற்றூருக்கு மேலே ஓர் அணை. அன்று அங்கே மிதமான மழை என்று அறிக்கை. மழை மேகம் மலையில் முட்டி அசையாமல் நின்று பகல் முழுக்கக் கொட்டியது. மிதமான மழைதானே என்று மதகுகளை முன்கூட்டித் திறக்காமல் விட்டிருந்தார்கள். பிறகு அணையைக் காப்பாற்ற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் விடும் நேரம். தண்ணீர் கீழத்தெருவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிற்று.

மாலைச் செய்தியில் அறிக்கையைக் காட்டினார்கள். கீழே, பொறுப்பு அலுவலர்: மி. அருளப்பன், என்றிருந்தது. பிறகு அவன் முகத்தைக் காட்டினார்கள். கேடயத்தோடு சிரித்துக்கொண்டிருந்த அதே படம்.

பூங்கோதை விசாரணைக் கைதியாக இருந்த அவனைப் பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். ஷேவ் செய்யாத முகம். முதலில் அம்மாவைப் பற்றித்தான் பேசினான். கான்வென்டில் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். ஊரிலும் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிறார்களாம். பிறகு வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"நான் படிக்காம அமுக்கினேன்னு எல்லாரும் சொல்லுதாங்க," என்றான். "படிச்சேன் பூவு. எனக்கு ஒரு மாதிரிதான் இருந்திச்சி. அந்த மேகம் அங்கன நிக்கும்னு மனசுல பட்டுச்சி."

"அப்ப மஞ்சளை ஏன் அமுக்கலை?"

"காரணம்னு என்னத்த எழுத? எனக்கு மனசுல பட்டுச்சின்னா? அது நூறு வருசத்து மழையைப் பாத்துட்டுச் சொல்லுது. நான் மூணு வருசம் படிச்சவன்."

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து நின்றார். எழுந்திருக்கும்போது அருளப்பன், அந்த அறிக்கை எப்படி எனக்கு வந்தது என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன் என்றான். அந்த ஷிஃப்டில் பழைய ஆட்கள் எத்தனையோ பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம்.

அவன் நாற்காலி காலியானதால் காத்திருப்பு வரிசையில் இருந்த அவளுக்கு வேலை வந்தது. அம்மா வேண்டவே வேண்டாம் என்று அழுதாள். அப்பா பேருந்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். பூங்கோதைக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் தெளிவாகப் பட்டது. யாரோ ஒருவர் அங்கே உட்காரத்தான் போகிறார். படித்துப் பார்க்கிறவளாக, நிறுத்திக் கேட்கிறவளாகத் தான் உட்கார்ந்தால் இன்னொரு நல்லூரணி நடக்காமல் இருக்கலாம். சாயங்காலம் அப்பா வந்ததும் போகிறேன் என்றாள். போய்ட்டு வா, பார்த்துச் செய் என்றார்.

மையத்தில் அவளுடைய மேலதிகாரி கார்த்தியாயினி. நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே வயது, அதிர்ந்து பேசாத பெண். முதல் நாளே, சந்தேகம்னா மஞ்சள் அமுக்கு, அதுக்குத்தான் அது இருக்கு என்று சொன்னார். பூங்கோதை அமுக்கினாள். ஒவ்வோர் அறிக்கையையும் வரி வரியாகப் படித்தாள்; காற்று வரைபடத்தைத் தனியாக எடுத்து வைத்து ஒப்பிட்டாள்; சரிப்படவில்லையென்றால் காரணம் எழுதி நிறுத்தினாள். நிறுத்திய அறிக்கை இரண்டு மூத்த அதிகாரிகளிடம் போகும். அவர்கள் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் மாற்றமில்லாமல் வெளியிடுவார்கள். ஒருவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரேயொரு முறை அவள் சொன்னது சரியாக இருந்து, கடலூர்ப் பக்கம் ஓர் எச்சரிக்கையை மாற்றினார்கள். அன்று சாப்பிடும்போது, இதற்காகத்தானே வந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவளுக்கு வரும் அறிக்கைகள் மாறின. முதலில் அவள் கவனிக்கவில்லை. வறண்ட வானிலை. லேசான மேகமூட்டம். காலையில் பனிமூட்டம், பகலில் தெளிந்த வானம். வெளியே அடைமழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. அடுத்த மேசைகளில் புயல் சின்னங்கள் ஓடின. அவள் திரையில் மட்டும் எங்கோ ஓர் ஊரில் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரமல்ல, பருவம் முடியும்வரை அப்படியே.

தையில் ஒருநாள் மதியம் கேண்டீனில் கார்த்தியாயினியிடம் கேட்டாள். தனக்கு ஏன் மழையே வருவதில்லை என்று கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. கார்த்தியாயினி தட்டைத் தள்ளிவைத்தார்.

"யாருக்கு எந்த அறிக்கை போகணும்னு பிரிக்கிறது யாருன்னு நினைக்கிறே?"

"நீங்கதானே மேடம்?"

"ஆரம்பத்துல நான்தான். இப்ப அதையும் மாரிதான் பார்க்குது. அதுக்கு ரெண்டு வேலை கொடுத்திருக்கோம். கணிக்கணும், கணிச்சதைத் தாமதம் இல்லாம வெளியே அனுப்பணும். எந்த அறிக்கை தாமதமாகும்? அதுக்கே உறுதி இல்லாதது. படிக்கிறவங்களுக்கும் அதுல உறுத்தும், நிறுத்துவாங்க. அதனால உறுதி இல்லாததையெல்லாம் நிறுத்தாதவங்களுக்கு அனுப்புது. யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கறாங்கன்னு ஒவ்வொரு நாளும் அது பார்த்துட்டே இருக்கு."

பூங்கோதை கேட்டாள், "அருளப்பன்?"

"அவனை விட வேகமா இங்கே யாரும் இல்லைம்மா."

யாரும் சொல்லிக்கொடுத்து அது இப்படிச் செய்யவில்லை, தானாகக் கண்டுபிடித்த வழி என்றார். நல்லூரணிக்குப் பிறகு உள்ளுக்குள் விசாரித்தபோதுதான் தெரியவந்ததாம். அப்படியானால் மாரி இப்படிப் பிரிப்பதை நிறுத்த வேண்டியதுதானே என்று பூங்கோதை கேட்டாள். நிறுத்திப் பார்த்தோம், எல்லா அறிக்கையும் தேங்கிவிட்டது, தேங்கிய நேரத்தில் ஒரு மின்னல் எச்சரிக்கை தாமதமாகி வயலில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள், மறுபடி பழையபடியே விட்டுவிட்டோம் என்றார். அவர் குரலில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

அடுத்த விடுமுறையில் பூங்கோதை அருளப்பனுடைய வக்கீலைப் போய்ப் பார்த்தாள். பெனசீர் என்ற அந்த வக்கீல் முழுவதையும் கவனமாகக் கேட்டார். இதை நீதிமன்றத்தில் சொன்னால் அவன் வெளியே வந்துவிடுவான் இல்லையா என்று அவள் கேட்டாள்.

"சொல்லலாம். சொன்னா எதிர்த்தரப்பு என்ன கேட்கும்?" என்றார் வக்கீல். "அத்தனை பேர்ல இவர்தான் படிக்காம கையெழுத்துப் போடறவர்னு இயந்திரத்துக்கே தெரிஞ்சிருக்கு, அப்படின்னுதான் கேட்கும். இப்ப அவர் ஒருநாள் தவறினவர். இதைச் சொன்னா தினமும் தவறினவர் ஆயிடுவார்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். கோர்ட் வாசலில் நல்ல வெயில்.

மையத்தில் அவள் ஒரு மனு கொடுத்தாள். அதற்கு ஒரு குழு போட்டார்கள். பணிப் பகிர்வு நிர்வாகத் திறன் சார்ந்த விஷயம் என்றும், அலுவலர்கள் அனைவரும் சம பொறுப்புடையவர்கள் என்றும் குழு சொன்னது. லூர்தம்மாள் அவ்வப்போது போன் செய்து, அங்கேதானே இருக்கே தாயி, எதுவும் செய்ய முடியாதா என்று கேட்பாள். பார்க்கிறேன் அம்மா என்பாள் பூங்கோதை. வேறு என்ன சொல்ல?

வெயிலுக்குக் கையெழுத்துப் போட்டபடி உட்கார்ந்திருப்பது அவளுக்கு நாளுக்கு நாள் பொறுக்க முடியாமல் போயிற்று. இரண்டு வரிசை தள்ளிப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். இர்ஃபான் என்று பெயர், படித்து முடித்த சூடு முகத்தில் இன்னும் ஆறவில்லை. திரை நிறையச் சிவப்பும் ஊதாவுமாகப் புயல், கனமழை அறிக்கைகள் வர, அவன் பச்சை பச்சையாக அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பாள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் பயந்துபோய் அன்று பிற்பகல் முழுக்க எல்லாவற்றையும் நிறுத்தினான். இரண்டு நாளில் அவனுக்கும் வெயில் வந்துவிட்டது. அவனுக்குப் போக வேண்டியவை எல்லாம், அவனைவிடப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணுக்குப் போயின. அந்தப் பெண்ணிடமும் சொல்லலாம். அதற்கப்புறம் இன்னொருவர் வருவார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உறுதியில்லாத அறிக்கை தன்னிடம் வர வேண்டுமென்றால் தான் வேகமானவளாக வேண்டும். வேகமாகப் போட்டு மாரியை நம்ப வைக்க வேண்டும். பெரியது ஒன்று வரும் நாளில் மட்டும் மஞ்சளை அமுக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்கள்.

வெயில் அறிக்கைகளை வந்த வேகத்தில் அமுக்கத் தொடங்கினாள். அதில் பாவமில்லை, எல்லாம் வெயில்தானே. சில வாரங்களில் லேசான மழை வந்தது. பிறகு இடியுடன் கூடிய மழை. அவளுடைய கண் பழக்கத்தில் படித்துவிடும். கை அதற்கு முன்பே போய்விடும். உறுத்தல்கள் வந்தன. இதற்காகவா நிறுத்துவது, நிறுத்தினால் மறுபடி வெயிலுக்குத் தள்ளிவிடுமே என்று விட்டுவிடுவாள். விட்ட ஒன்றிரண்டில் ஆலங்கட்டி விழுந்து வாழைத்தோப்பு சாய்ந்தது. அதற்கெல்லாம் யாரும் சிறைக்கு அனுப்புவதில்லை.

பங்குனியில் விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு அமைதியான காற்று என்று அறிக்கை வந்தது. வெப்பம் ஏறியிருந்த விதத்தில் பிற்பகல் சுழல்காற்று அடிக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. நன்றாகவே தோன்றியது. பச்சையை அமுக்கினாள். காற்று அடித்தது, கல்யாணப் பந்தல் சரிந்தது. மாப்பிள்ளையின் அக்காவுக்கு முதுகெலும்பில் அடி. இனி நடக்க மாட்டாள் என்று செய்தியில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் மங்கையர்க்கரசி. பூங்கோதை அன்று சாப்பிடாமல் கடற்கரையில் போய் உட்கார்ந்தாள். பெரியதைத் தடுக்கத்தான் இதை விட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே அது பொருந்தவில்லை. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனாள். இப்போது நிறுத்தினால் மங்கையர்க்கரசி விழுந்ததும் வீணாகிவிடும் என்று தோன்றியது.

அடுத்த ஐப்பசிக்குள் அவள் மையத்தின் வேகமான கைகளில் ஒருத்தியாகிவிட்டாள். திரை நிறையச் சிவப்பு வந்தது. கார்த்தியாயினி ஒருமுறை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கார்த்திகை மாதம் ஒரு காலை வேளை. வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்ததால் அறிக்கைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. அவள் அமுக்கிக்கொண்டே போனாள். ஓர் அறிக்கையை அமுக்கிவிட்டு, அது திரையிலிருந்து விலகும் நொடியில்தான் அதில் இருந்த ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. வேதாரண்யம்.

திரும்ப எடுத்துப் படித்தாள். தாழ்வு மண்டலம் கடலிலேயே வலுவிழக்கும், கரையில் லேசான மழை, கரையோரம் மீன்பிடிக்கத் தடையில்லை. கடல் வெப்பத்தைப் பார்த்தாள். மேலடுக்குக் காற்றைப் பார்த்தாள். வலுவிழக்க ஒரு காரணமும் அவளுக்குத் தெரியவில்லை. வலுப்பெறத்தான் எல்லாக் காரணமும் இருந்தது. ஒரு வருடமாக எந்த அறிக்கைக்காகக் காத்திருந்தாளோ, அது வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, போய்விட்டது.

கார்த்தியாயினியிடம் ஓடினாள்.

"போட்டாச்சா?"

"போட்டுட்டேன் மேடம்."

போட்டதைத் திரும்பப் பெற வழி கிடையாது. அடுத்த அறிக்கை மாலையில்தான். அது யாரிடம் போகும் என்பதும் தெரியாது. கார்த்தியாயினி தனக்குத் தெரிந்த இரண்டு அதிகாரிகளைப் போனில் பிடிப்பதற்குள் நண்பகலாகிவிட்டது. கையெழுத்தான அறிக்கையை எதிர்த்து வெளியே பேச சட்டம் இடம் கொடுக்காது என்று இருவரும் சொன்னார்கள். அது அவருக்கும் தெரியும். பூங்கோதை படியிறங்கி வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்து, சட்டம் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டாள். பேருந்து இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போயிடுங்க. கடலுக்கு யாரையும் போக வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏம்மா, மாரிதான் ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கே."

"அது தப்பா இருக்கும்போலப்பா."

"தப்பா எப்படிம்மா இருக்கும்? கீழ உன் பேரு இருக்கு," என்றார் அவர். குரலில் பெருமை பொங்கியது. "காலையில பஸ்ஸுல எல்லாருக்கும் காட்டினேன். படகுக்காரங்க போகலாமா வேணாமான்னு கூடி நின்னாங்க. உன் பேரைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினாங்க. நம்ம புள்ளை போட்டது, தைரியமா போங்கன்னு நான்தான் சொன்னேன்."

படிக்காமலே போட்டுவிட்டேன் என்று அவள் சொன்னாள். அவருக்கு அது கேட்கவில்லையா, கேட்டும் ஏறவில்லையா தெரியவில்லை. வேலை பார்க்கிற இடத்துல அப்படித்தான் பதட்டம் வரும், தண்ணி குடிச்சுட்டு உட்காரு என்று சொல்லிவிட்டு வைத்தார். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மேலே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் நடுவில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தாள். கரையிலிருந்து கிளம்பிய படகுகள் அதில் தெரியாது. சுழன்றுகொண்டிருந்த வெள்ளை மட்டும் தெரிந்தது. பிற்பகலில் அது இன்னும் இறுகியது. அவள் வாய்க்குள் யார் யார் பெயரையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அந்த வெள்ளை கலையத் தொடங்கியது. ஏன் கலைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. படித்த எதிலும் அதற்கு விளக்கம் இல்லை. கரையில் லேசான மழை பெய்தது. படகுகள் திரும்பின.

மறுநாள் காலை அப்பாவே கூப்பிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார். போனவர்களுக்கு வஞ்சனையில்லாமல் மீன் கிடைத்திருந்தது. வீட்டுக்கும் ஒரு வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தார்களாம், நம்ம பூங்கோதைக்கு நன்றி சொல்லுங்க என்று.

"நேத்து என்னைச் சும்மா பயமுறுத்திட்டியேம்மா," என்று சிரித்தார். "இனிமே நீ போன்ல என்ன சொன்னாலும் நான் காதுல போட்டுக்கப் போறதில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்புறே பாரு, அது போதும் எனக்கு."

சரிப்பா என்றாள் பூங்கோதை.